தேனீப் பெட்டி வைப்பதற்கு முன் அந்தக் காலி நிலத்தைக் கொஞ்சம் பாருங்கள்

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலை வளாகத்தில் கட்டடம் ஏதும் இல்லாமல் பத்து ஏக்கர் கிடக்கிறது. பாதி ஜல்லியும் மண்ணும், மீதி புல்லும் புதரும். ஒரு மூலையில் முன்பு உலோக முலாம் பூசும் பிரிவின் கசடைக் கொட்டி வைத்திருந்தார்கள். மகரந்தச் சேர்க்கை செய்யும் பூச்சிகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நிர்வாகம் சொல்கிறது. இருபது தேனீப் பெட்டி, பத்து ஏக்கருக்கும் பரப்ப வளமான மேல்மண், பூவிதைக் கலவை என்று பட்டியல்கூடத் தயாராகிவிட்டது. இது சரியா, வேறு ஏதாவது செய்யலாமா என்று கேட்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தப் பட்டியலால் பூச்சிகளுக்கு உண்மையிலேயே பயன் உண்டா என்பது ஒன்று. கடைசி வரியில் போகிற போக்கில் நீங்கள் கேட்டது இன்னொன்று: கெட்டுப்போன மண்ணில் பூவைக் காட்டிப் பூச்சிகளை வரவழைத்தால் அது அவற்றுக்கே வினையாக முடியாதா? இரண்டாவதுதான் கடினமான கேள்வி, அதற்குப் பிறகு வருகிறேன். முதல் கேள்விக்கு என் பதில், பட்டியலில் உள்ள மூன்றையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள் என்பதுதான். அந்த நிலத்தில் ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கு அந்த மூன்றுமே ஏதோ ஒரு வகையில் இடைஞ்சல். நான் பூச்சியியல் படித்தவன். குவாரி, தொழிற்பேட்டை மாதிரியான இடங்களில் பூச்சிக் கணக்கெடுப்பு செய்வது என் வேலை. மண் மாசை அகற்றும் பொறியியல் என் துறை இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மகரந்தச் சேர்க்கை என்றதும் எல்லோருக்கும் பெட்டித் தேனீதான் நினைவுக்கு வருகிறது. உலகில் ஏறத்தாழ 20,000 தேனீ இனங்கள் உண்டு. அவற்றில் கூட்டமாக வாழ்ந்து தேன் சேர்ப்பவை மிகச் சில. பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. ஒரே ஒரு பெண் தேனீ தானே வளை தோண்டி, அதற்குள் மகரந்தத்தை உருண்டையாகப் பிடித்து வைத்து, அதன் மேல் ஒரு முட்டையிட்டு, அறையை மூடிவிட்டு அடுத்ததைத் தொடங்கும். ராணி, வேலைக்காரி, தேன் கிடங்கு எதுவும் கிடையாது. இந்த இனங்களில் பாதிக்கும் மேல், சில மதிப்பீடுகளின்படி முக்கால் பங்கு, மண்ணுக்குள் கூடு கட்டுபவை. அவற்றுக்கு வேண்டியது வெயில் நேராக விழும், செடி மூடாத, மிதமாக இறுகிய மண். மிச்சமுள்ளவை காய்ந்த தண்டின் பொந்திலோ பட்ட மரத்தின் துளையிலோ சுவர் இடுக்கிலோ குடியிருக்கும். இவற்றோடு தேனீ மாதிரியே மஞ்சள் கோடு போட்டுக்கொண்டு பூவின் முன்னால் அந்தரத்தில் நிற்கும் ஈக்கள், குளவிகள், வண்டுகள், பட்டாம்பூச்சிகள், இருட்டிய பிறகு வேலைக்கு வரும் அந்துப்பூச்சிகள் எல்லாமும் சேர்ந்ததுதான் நீங்கள் உதவ நினைக்கும் கூட்டம்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் உங்கள் பத்து ஏக்கர் வேறு மாதிரி தெரியும். விவசாய நிலம் உழப்படுகிறது, மருந்தடிக்கப்படுகிறது. பூங்காக்களில் புல்வெளி ஓயாமல் வெட்டப்படுகிறது. கைவிடப்பட்ட தொழில் நிலத்தில்தான் வெற்று மண், ஜல்லி மேடு, மழை நீர் தேங்கும் பள்ளம், யாரும் விதைக்காத செடிகள் எல்லாம் திட்டுத்திட்டாக அருகருகே இருக்கின்றன. இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் கேன்வி விக் என்று ஓர் இடம் உண்டு. 1970களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்காகத் தயார் செய்யப்பட்டு, ஆலை ஒரு நாள்கூட ஓடாமல் கைவிடப்பட்டது. அதற்கு முன் தேம்ஸ் ஆற்றிலிருந்து தூர்வாரிய மணலையும் வண்டலையும் அங்கே பரப்பியிருந்தார்கள். பிறகு கணக்கெடுத்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட முதுகெலும்பற்ற உயிரினங்கள் தென்பட்டன. அந்த நாட்டில் வேறெங்கும் அரிதாகிவிட்ட ஒரு மயிர்த்தேனீ (உடலெல்லாம் அடர்ந்த மயிர் கொண்ட பம்பிள்பீ) இனமும் அதில் உண்டு. 2005இல் அந்த இடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி என்னவென்றால், அக்கம்பக்கத்துப் பையன்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டி மண்ணைக் கிளறியதும் அங்கே வெற்று மண் மூடாமல் இருந்ததற்கு ஒரு காரணம். நிபுணர் குழு போட்டுத் திட்டமிட்டிருந்தால் அது நடந்திருக்காது.

செக் குடியரசின் சுண்ணாம்புக்கல் குவாரிகளில் செய்த ஒப்பீடு இன்னும் நேரடியாக உங்கள் விஷயத்துக்கு வருகிறது. சில குவாரிகளில் வேலை முடிந்ததும் மேல்மண் பரப்பி, செடி நட்டு, முறைப்படி சீரமைத்தார்கள். சில அப்படியே விடப்பட்டன. 2010இல் வெளியான அந்த ஆய்வில், அழியும் நிலையிலுள்ள செடிகளும் பூச்சிகளும் தானாக வளர விட்ட பகுதிகளில்தான் அதிகம் இருந்தன. அதே நாட்டில் அனல் மின் நிலையங்களின் சாம்பல் மேடுகளில் தேடியபோது, அங்கே அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட சில தேனீ, குளவி இனங்கள்கூடக் கிடைத்தன. பறக்கும் மணல் திட்டுகள் காணாமல் போய்விட்ட நாட்டில் அந்தச் சாம்பல் அவற்றுக்கு மணலாகிவிட்டது. இதைச் சொன்னதும் சாம்பலே நல்லது என்று யாராவது கிளம்பிவிடக்கூடாது. அது காற்றில் பறந்தால் மனிதர்களுக்குக் கேடு, மூடித்தான் ஆக வேண்டும் என்பவர்களின் வாதமும் நியாயமானதே. அந்த இழுபறி இன்னும் தீரவில்லை.

சரி, நீங்கள் முதலில் செய்ய வேண்டியது பார்ப்பது. காலை வெயில் ஏறிய பிறகு, காற்று அதிகம் இல்லாத ஒரு நாளில், ஜல்லிக்கும் புல்லுக்கும் இடைப்பட்ட ஓரத்தில் குந்தி உட்காருங்கள். பென்சில் நுழையும் அளவிலோ அதைவிடச் சிறிதாகவோ வட்டமான துளைகள் தெரியும். சிலவற்றைச் சுற்றிப் பொடிமண் ஒரு சின்ன எரிமலை மாதிரி குவிந்திருக்கும். எறும்பு வளை என்று எழுந்துவிடாதீர்கள். எறும்பு வளை என்றால் சில நொடிகளுக்குள் யாராவது வருவதும் போவதுமாக இருப்பார்கள். தேனீ வளை வெகுநேரம் அசைவில்லாமல் இருக்கும். கால் மணி நேரம் கழித்து, தொடையில் மஞ்சள் மாவை அப்பிக்கொண்ட ஒரு சிறு தேனீ தாழப் பறந்து வரும். இடது வலதாக இரண்டு முறை ஊசலாடி இடத்தைச் சரிபார்க்கும். பிறகு நேரே துளைக்குள் இறங்கிவிடும். உங்கள் நிழல் துளைமேல் விழுந்தால் அது இறங்காது, சற்றுத் தள்ளி அமருங்கள். பக்கத்திலேயே வேலிக் கம்பத்தின் குழாய் வாய்க்குள் இன்னொரு தேனீ, வட்டமாக நறுக்கிய இலைத் துண்டை வயிற்றுக்கடியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நுழையலாம். அது இலைவெட்டித் தேனீ. எருக்கு பூத்திருந்தால் அதில் கரும்பளபளப்பாகப் பெரிய தச்சுத் தேனீ உட்கார்ந்திருக்கும். இப்படிக் கண்ட இடங்களை வளாக வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வேறு எந்தச் செலவும் செய்வதற்கு முன் உங்களுக்கு வேண்டிய ஆவணம் இதுதான். மேல்மண் கொட்டும் லாரி முதலில் மூடப்போவது இந்தத் துளைகளைத்தான்.

தேனீப் பெட்டி விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. தேன் எடுக்கப் பெட்டி வைப்பது நல்ல தொழில், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் காட்டுத் தேனீக்களுக்கு உதவுவதாகச் சொல்லிக்கொண்டு பெட்டி வைப்பது, காட்டுப் பறவைகளைக் காப்பாற்றக் கோழிப் பண்ணை வைப்பது போலத்தான். ஒரு பெட்டியில் பல்லாயிரம் வாய்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் 2017இல் போட்ட கணக்கின்படி, ஒரு நல்ல கூட்டம் மூன்று மாதங்களில் சேர்க்கும் மகரந்தத்தில் சராசரித் தனித்தேனீயின் குஞ்சுகள் 1,00,000 வளர்ந்திருக்க முடியும். கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் 2013இல் 250க்கும் குறைவாக இருந்த தேனீக் கூட்டங்கள் 2020இல் ஏறத்தாழ 3,000 ஆயின. பெட்டிகள் அதிகம் பெருகிய இடங்களில் காட்டுத் தேனீ இனங்கள் குறைந்திருந்தன, அதிலும் குறிப்பாகச் சிறிய உடல் கொண்டவை. வளர்ப்புத் தேனீக்களின் வைரஸ் நோய்கள் பூக்கள் வழியாகக் காட்டுத் தேனீக்களுக்குத் தொற்றுவதற்கும் சான்றுகள் உண்டு. எத்தனை பெட்டிக்கு மேல் போனால் தீங்கு என்று எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது. சுற்றிலும் எவ்வளவு பூ இருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும். பூ குறைவான பத்து ஏக்கரில் இருபது பெட்டி என்பது எந்தக் கணக்கிலும் அதிகம். நிர்வாகத்துக்குப் புகைப்படம் வேண்டுமென்றால் இலைவெட்டித் தேனீயைப் படமெடுத்துக் கொடுங்கள், அது இன்னும் நன்றாகவே விழும்.

மேல்மண்ணையும் கைவிடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சத்துக் குறைந்த மண்ணில் எந்தச் செடியும் மற்றவற்றை அமுக்கிவிட்டுத் தழைக்க முடியாது, அதனால் பல வகைச் சிறு பூச்செடிகளுக்கு இடம் கிடைக்கும். வளமான மண்ணைப் பரப்பினால் முதல் பருவம் பச்சைப்பசேல் என்று இருக்கும். இரண்டு மூன்று பருவத்தில் முரட்டுப் புல்லும் ஓரிரு ஆக்கிரமிப்புக் களைகளும் மட்டும்தான் மிஞ்சும். போதாக்குறைக்கு மண்ணோடு எங்கிருந்தோ களை விதையும் கூடவே வரும்.

அடுத்தது புல் வெட்டுவது. பல வளாகங்களில் ஒப்பந்தக்காரர் மாதம் ஒரு முறை வந்து ஒரேயடியாக மொட்டையடித்துவிட்டுப் போவார். ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருப்பதால் வெட்டுகிறார், அவ்வளவுதான். அந்த ஒப்பந்தத்தை மாற்றி எழுதுவது, என் அனுபவத்தில், இந்த வேலையிலேயே மலிவான, பலன் மிகுந்த காரியம். நிலத்தை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு தடவையில் ஒரு பங்கை மட்டும் வெட்டட்டும், பூ முடிந்து விதை உதிர்ந்த பிறகு வெட்டட்டும். தரையோடு சுரண்டாமல் ஒரு சாண் உயரமாவது விடட்டும். வெட்டியதை அங்கேயே மக்க விடாமல் அள்ளி ஓரிடத்தில் குவிக்கட்டும், இல்லாவிட்டால் அது உரமாகி மறுபடி முரட்டுப் புல்லுக்கே போய்ச் சேரும். நடைபாதை ஓரத்திலும் வாசல் பக்கத்திலும் மட்டும் ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒழுங்காக வெட்டிய பட்டை இருக்கட்டும். அது பூச்சிக்காக இல்லை, மனிதர்களுக்காக. ஓரம் ஒழுங்காக இருந்தால் உள்ளே வளர்ந்திருப்பது கவனக்குறைவு இல்லை, வேண்டுமென்றே விட்டது என்று பார்ப்பவர்களுக்குப் புரியும். புகார் வருவது பெருமளவு குறையும்.

களைக்கொல்லியை ஒட்டுமொத்தமாகத் தெளிப்பதை நிறுத்துங்கள். ஆக்கிரமிப்புச் செடி ஏதாவது இருந்தால் அதை மட்டும் தனியாகக் கவனியுங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மின்பாதைக்கு அடியில் 1953 முதல் இப்படிப்பட்ட பராமரிப்பு முறைகளை ஒப்பிடும் ஆய்வு நடந்து வருகிறது. களைக்கொல்லியால் விலங்குகளின் இரையும் மறைவிடமும் போய்விடும் என்று வேட்டைக்காரர்கள் கவலைப்பட்டதால் தொடங்கியது அது. உயரமாக வளரும் மரங்களை மட்டும் தேர்ந்து அகற்றிவிட்டு, குட்டைப் புதரையும் பூச்செடிகளையும் விட்டுவைத்தால் மின்கம்பிக்கும் தொந்தரவில்லை, தேனீக்களுக்கும் இடம் கிடைக்கிறது என்பதுதான் இத்தனை காலத்தில் அங்கே தெளிவானது. உங்கள் வளாகத்தில் உயர் மின்கம்பி போகும் பகுதி இருந்தால், அதுவே நல்ல தொடக்க இடம்.

கொசு மருந்துப் புகையும் பெரிய பிரச்சினை. பகலில் புகை போட்டால் பூவில் இருக்கும் பூச்சி எல்லாமே அடிபடும். தேங்கும் நீரைக் குறைப்பதும், குறைக்க முடியாத நீரில் கொசுப் புழுவையும் அதையொத்த சில ஈக்களின் புழுவையும் தாக்கும் பிடிஐ (Bti) பாக்டீரியா மருந்தைப் போடுவதும் அதைவிட மேல். புகை போட்டே ஆக வேண்டிய கட்டாயம் வந்தால், பகலில் வேண்டாம், பூச்செடிப் பகுதியைத் தவிர்த்துப் போடச் சொல்லுங்கள். அப்புறம் விளக்கு. 2017இல் சுவிட்சர்லாந்தில் வெளிச்சமே படாத புல்வெளிகளில் விளக்குகளைப் பொருத்திப் பார்த்தார்கள். இரவுப் பூச்சிகள் பூவுக்கு வருவது 62 விழுக்காடு குறைந்தது. அவர்கள் கவனித்த ஒரு செடியில், பகலில் பூச்சிகள் வந்தபோதும், காய்ப்பு 13 விழுக்காடு குறைந்தது. பாதுகாப்புக்கு விளக்கு வேண்டும்தான். அது கீழ்நோக்கி மட்டும் விழும்படி மூடி போட்டு, வெண்ணீல ஒளிக்குப் பதில் மஞ்சள் சாயலுள்ள விளக்கைப் பொருத்தி, ஆள் வந்தால் மட்டும் எரியும்படி செய்தாலே பெரிய வித்தியாசம் இருக்கும்.

இதெல்லாம் செய்த பிறகு ஒரு பருவம் பொறுத்து, என்ன பூக்கிறது, எந்த மாதத்தில் பூவே இல்லாமல் போகிறது என்று பாருங்கள். அந்தப் பூ இல்லாத இடைவெளியை நிரப்பத்தான் நடவு. கடைப் பாக்கெட்டில் வரும் கலவையில் பெரும்பாலும் கண்ணுக்கு அழகான வெளிநாட்டுப் பூக்கள்தான் இருக்கும், அடுக்கு இதழ்ப் பூக்களில் மகரந்தமும் தேனும் மிகக் குறைவு. உங்கள் சுற்றுவட்டாரத்தில் தானாக வளரும் அவரைக் குடும்பச் செடிகள், துளசிக் குடும்பச் செடிகள், சூரியகாந்திக் குடும்பத்துச் சிறு பூக்கள் ஆகியவற்றின் விதையைச் சேகரித்துத் தூவுவது மலிவும் நல்லதும். பூக்கும் மரம் ஒன்று நட்டால், சிறு நிலப்பரப்பில் ஆயிரக்கணக்கான பூ கிடைத்துவிடும். நாற்றங்காலில் வாங்கும் செடி என்றால் அதற்கு ஊடுருவிப் பாயும் பூச்சிக்கொல்லி போட்டார்களா என்று கேட்டு வாங்குங்கள். நியோநிகோட்டினாய்டு வகை மருந்து வேர் வழியாக ஏறி மகரந்தத்துக்கும் தேனுக்கும் வந்துவிடும். பட்டாம்பூச்சி வேண்டுமென்றால் பூ மட்டும் போதாது, அதன் புழு தின்னும் செடியும் வேண்டும். அந்தச் செடியின் இலை ஓட்டை விழுந்துதான் இருக்கும் என்று தோட்டக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் அவர் மருந்தடித்துவிடுவார்.

பூவும் கூடும் அருகருகே இருப்பது முக்கியம். சிறிய தனித்தேனீக்கள் கூட்டிலிருந்து சில நூறு மீட்டர் வரைதான் இரை தேடிப் போகும். 150 முதல் 600 மீட்டர் என்று ஓர் ஆய்வு காட்டுகிறது. அதனால் ஒரு மூலையில் பூந்தோட்டமும் எதிர்மூலையில் மண்மேடும் வைப்பதைவிட இரண்டையும் கலந்து வைப்பது நல்லது. வெயில் பக்கம் பார்த்த ஒரு சரிவில் புல்லைச் செதுக்கி வெற்று மண்ணாக விடுங்கள். அல்லது சுத்தமான மணலும் மண்ணும் கலந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடு போடுங்கள். அதன் மேல் மூடாக்கோ பிளாஸ்டிக் விரிப்போ வேண்டாம். பட்ட மரத்துண்டுகளை வெயிலில் கிடக்க விடுங்கள், காய்ந்த தண்டுகளை எல்லாம் ஒரே நேரத்தில் வெட்டிவிடாதீர்கள். கடையில் விற்கும் மர 'தேனீ விடுதி' கெடுதல் என்று சொல்லமாட்டேன். ஆனால் மண்ணில் கூடு கட்டும் பெரும்பான்மைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, குளவிகளும் ஒட்டுண்ணிகளும் அதை விரும்பிப் பிடித்துக்கொள்ளும், ஒரே இடத்தில் நெருக்கமாக அடைந்தால் பூஞ்சையும் பரவும். ஊழியர்களின் பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்று சிறியதாக வைக்கலாம், வருடம் ஒரு முறை துளைகளைச் சுத்தம் செய்வதாக இருந்தால்.

இப்போது அந்தக் கசடு மூலை. உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். மண்ணிலுள்ள உலோகங்கள் செடி வழியாக மகரந்தத்துக்கும் தேனுக்கும் போகின்றன. போலந்திலும் இங்கிலாந்திலும் உலோக உருக்காலைகளைச் சுற்றி அளந்தபோது, துத்தநாகம், காட்மியம், ஈயம் ஏற ஏறக் காட்டுத் தேனீக்களின் எண்ணிக்கையும் வகையும் இறங்கிக்கொண்டே போயின. அதே போலந்துக் குழுவின் இன்னொரு ஆய்வில், மாசு அதிகமான இடத்தில் வைக்கப்பட்ட ஒருவகைத் தனித்தேனீ குறைவான குஞ்சறைகளையே கட்டியது, குஞ்சுகளும் கூடுதலாக இறந்தன. பூச்சிகள் விஷத்தை மோப்பம் பிடித்து விலகிவிடும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் கலவையாகவே இருக்கிறது. பூந்தேனில் நிக்கல் இருந்தால் ஒரு மயிர்த்தேனீ இனம் அந்தப் பூவைவிட்டுச் சீக்கிரம் கிளம்பிவிடுகிறது. அலுமினியம் இருந்தால் அப்படிச் செய்வதில்லை. செலினியம் ஏறிய செடிகளின் பூக்களையும் தேனீக்கள் தவிர்ப்பதில்லை. ஆகவே அந்த மூலையில் பூ விதைக்க வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகமான பகுதி இதற்கு அடுத்தது. பத்து ஏக்கரில் ஒரு சிறு மூலை கெட்டிருந்தால் மொத்தக் கூட்டமும் பாதிக்கப்படுமா? ஆய்வுகள் பெரும்பாலும் மிகக் கடுமையாகக் கெட்ட இடங்களில், ஓரிரு இனங்களை வைத்துச் செய்யப்பட்டவை. லேசான மாசுக்கு அவற்றை அப்படியே பொருத்த முடியாது. உலோகம் எது, மண் அமிலமா காரமா, மேலே எந்தச் செடி நிற்கிறது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். காட்மியம், துத்தநாகம், நிக்கல் போன்றவை அமில மண்ணில் எளிதாகக் கரைந்து செடிக்குள் ஏறும். அதனால் ஆய்வகத்துக்கு மண் அனுப்பும்போது மொத்த உலோக அளவை மட்டும் கேட்காதீர்கள். செடி உறிஞ்சக்கூடிய பங்கு எவ்வளவு, மண்ணின் அமிலத்தன்மை எவ்வளவு என்பதையும் கேளுங்கள். முடிவு வரும்வரை அந்த மூலையை அடர்ந்த புல்லால் மூடி வையுங்கள். புல் காற்றில் மகரந்தம் பரப்புவது, பூச்சிகளுக்குப் பெரிய கவர்ச்சி இல்லை. கடுகுக் குடும்பச் செடிகளையும் சூரியகாந்தியையும் அங்கே நிச்சயம் போடாதீர்கள். மண்ணை 'சுத்தம் செய்ய' அவற்றைச் சிபாரிசு செய்பவர்கள் உண்டு, உலோகத்தை அவை இழுப்பதும் உண்மைதான். இழுத்ததை மகரந்தத்தில் ஏற்றிப் பூவாகக் காட்டினால் பூச்சிக்கு என்ன ஆகும் என்பதுதான் நம் கவலை. தேனீக்கள் மண்ணுக்குள் பல சென்டிமீட்டர் ஆழம் தோண்டும் என்பதால் அங்கே வெற்று மண் திட்டும் விடக்கூடாது. கசடின் மேல் காப்பு அடுக்கு எதுவும் போட்டிருந்தால், மரம் நட்டோ குழி தோண்டியோ அதை உடைத்துவிடாதீர்கள். இதற்கு மேல் என்ன செய்வது என்று உங்கள் மண் பரிசோதனை முடிவைக் கையில் வைத்திருக்கும் பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

பாதுகாப்பு அதிகாரி உங்களிடம் கேட்கப்போகும் கேள்விகள் எனக்குத் தெரியும். காய்ந்த புல்லுக்குத் தீ அபாயம் உண்டு. எரிபொருள் தொட்டி, மின்மாற்றி, எல்லை வேலி ஆகியவற்றைச் சுற்றி வெட்டிய பட்டையோ ஜல்லிப் பட்டையோ கட்டாயம் இருக்கட்டும், அகலத்தை அவரே முடிவு செய்யட்டும். கொட்டுவதைப் பற்றிக் கேட்டால், தனித்தேனீக்களுக்குக் காக்க வேண்டிய தேன் கிடங்கு இல்லை, கையில் பிடித்து நசுக்கினாலொழிய அவை கொட்டுவது அபூர்வம், ஆண் தேனீக்களுக்குக் கொடுக்கே கிடையாது என்று சொல்லுங்கள். கூட்டமாக வாழும் தேனீயும் குளவியும் வேறு கதை. ஆள் நடமாடும் இடத்தில் அவை கூடு கட்டினால் அப்புறப்படுத்தத் தெரிந்தவரின் எண் கையில் இருக்க வேண்டும். மூன்றாவதை யாரும் கேட்கமாட்டார்கள், நீங்களே சொல்லுங்கள்: பொந்தில் கூடு கட்டும் பூச்சிகள் திறந்த குழாய் வாயை அடைத்துவிடும். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் விமான நிலையத்தில் விமானத்தின் வேகத்தை அளக்கும் குழாய்களுக்குள் ஒருவகைக் குளவி கூடு கட்டிப் பெரிய தலைவலியானது. அந்தக் குழாய்களின் மாதிரிகளை அச்சிட்டு மாட்டி வைத்து ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். உங்கள் வளாகத்தில் அழுத்தமானிக் குழாய், காற்றுப்போக்கி, வெளியேற்றும் வால்வு எதுவெல்லாம் திறந்திருக்கிறதோ அதற்கெல்லாம் நுண்வலை போடுங்கள்.

பலன் கிடைத்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எதையும் மாற்றுவதற்கு முன்பே எண்ணத் தொடங்குங்கள். அரை மீட்டர் சதுரத்தில் ஒரே வகைப் பூ உள்ள இடத்தைத் தேர்ந்து, பத்து நிமிடம் அமர்ந்து, பூவைத் தொடும் பூச்சிகளைத் தேனீ, ஈ, வண்டு, பட்டாம்பூச்சி என்ற அளவில் எண்ணினால் போதும், இனப்பெயர் தெரிய வேண்டியதில்லை. பிரிட்டனில் பொதுமக்களே இந்த முறையில் எண்ணித் தருகிறார்கள். வளாகத்தில் ஒரு துண்டை எதையும் மாற்றாமல் பழையபடியே விட்டு, அங்கேயும் எண்ணுங்கள். மழை நன்றாகப் பெய்த வருடத்தில் எல்லா இடத்திலும்தான் பூச்சி கூடும், ஒப்பிட அந்தத் துண்டு வேண்டும். சூரிய மின்தகடு போடும் யோசனை இருந்தால் இதைக் கேளுங்கள்: அமெரிக்காவின் மின்னசோட்டாவில் இரண்டு சூரியப் பண்ணைகளில் நாட்டுப் புல்லும் பூச்செடியும் விதைத்து 2018 முதல் 2022 வரை கவனித்தார்கள். மொத்தப் பூச்சிகள் மும்மடங்காயின, அந்த மண்ணுக்குரிய தேனீக்கள் இருபது மடங்காயின. நிர்வாகக் கூட்டத்தில் சொல்ல அருமையான எண். ஆனால் அவை முன்பு பயிர் விளைந்த நிலங்கள், தொடக்கமே மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து. ஏற்கெனவே தேனீ வளைகள் இருக்கும் உங்கள் நிலத்தில் இருபது மடங்கை எதிர்பார்க்க வேண்டாம். அதோடு, பூவில் எண்ணுவது பக்கத்து நிலத்திலிருந்து வந்துபோகும் பூச்சியையும் சேர்த்தேதான். இங்கேயே பெருகியதா என்று அறிய, நீங்கள் வரைபடத்தில் குறித்த வளைகளை வருடாவருடம் எண்ணுவதே நம்பகமானது.

கடைசியாக, நாளைக்கே அங்கே புதுக் கட்டடம் வந்தால் இவ்வளவும் வீண்தானே என்று கேட்டிருந்தீர்கள். வீண் இல்லை. மண்ணில் வாழும் தேனீக்களில் பல, புதிதாகத் திறந்த நிலத்தைத் தேடிக் குடியேறிப் பழகியவை. ஓரிடம் மூடும்போது அருகில் இன்னொன்று திறந்திருந்தால் அவை நகர்ந்துகொள்ளும். நெதர்லாந்தில் இதற்கென்றே 'தற்காலிக இயற்கை' என்று ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். காலியாக இருக்கும்வரை நிலத்தை இயற்கைக்கு விடும் உரிமையாளர், பாதுகாக்கப்பட்ட உயிரினம் வந்து சேர்ந்தாலும் பிறகு கட்டடம் கட்டத் தடை வராதபடி முன்கூட்டியே அனுமதி பெற்றுக்கொள்ளலாம். அந்தப் பயத்தினாலேயே நிலத்தைச் சுரண்டிக்கொண்டிருந்த துறைமுகங்கள் சில அதைப் பயன்படுத்திக்கொண்டன. உங்கள் பகுதியில் சட்டம் எப்படி இருந்தாலும் ஒன்று செய்யலாம்: எந்தத் துண்டில் முதலில் கட்டடம் வரும் என்று திட்டப் பிரிவிடம் இப்போதே கேட்டுக்கொண்டு, மணல் மேட்டையும் நடவையும் கடைசியாகக் கட்டப்போகும் துண்டில் வையுங்கள். மண் பரிசோதனை முடிவு வந்ததும், பூக்கும் செடிகளின் படங்களோடு இங்கேயே போடுங்கள். எந்தச் செடியை விடலாம், எதை எடுக்கலாம் என்று படத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.